ஆர்

மார் தெல் பிளாத்தா. ஜனவரி.
பூமியின் அந்தப் பக்கத்தில் அது கோடை.
மீன்வள நிலையத்தின் இரண்டாம் மாடியில்
கணிப்பொறியின் முதுகில் செருகிய
கட்டைவிரல் நீளப் பூட்டு
அன்று காலை திறக்க மறுத்தது.

உரிமக் காலம் முடிந்தது என்றது திரை.
புதுப்பிக்கலாம், டாலரில்.
டாலரோ பெசோவின் கையை உதறிவிட்டுத்
தனியே மாடியேறிக்கொண்டிருந்த மாதம்.
வங்கிக் கதவுகளில் பலகை அறைந்திருந்தது.
தெருவில் ஜனங்கள்
வெறும் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

நெலிதா எச்செவர்ஸின் மேசைமேல்
நாலாயிரம் காகித உறைகள்.
உறைக்கு ஒரு மீனின் செவிக்கல்,
சுண்டுவிரல் நகமளவு,
மரத்தைப்போல ஆண்டுக்கொரு வளையம்.
வளையங்களை எண்ணியாகிவிட்டது.
எண்ணியதை வைத்து
கடலில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று
மே மாதத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

இரவு பத்துக்குமேல் தொலைபேசிக் கட்டணம் பாதி.
ஒவிதியோ தஸ்ஸாரா
மோடத்தின் கரகரப்புக்குக் காவலிருந்தான்.
இரண்டு முறை இணைப்பு அறுந்தது.
மூன்றாம் இரவு முழுதாய் வந்து சேர்ந்தது
ஒற்றை எழுத்துப் பெயரோடு ஒரு மொழி.

"என்ன விலை?"
"விலை இல்லை."
"அப்படியானால் கோளாறு எங்கே?"

தானம் வந்த மாட்டின் பல்லை
பிடித்துப் பார்க்கிற ஆள் நெலிதா.
போன வருடத்துக் கணக்கை முழுக்க
திரும்பவும் போட்டுப் பார்த்தாள்.
நாலாம் தசமம்வரை ஒத்துப்போனது,
ஓரிடத்தில் தவிர.

பார்த்தாயா என்று நிமிர்ந்தாள்.
பிறகு, சும்மா, உள்ளே போய்ப் பார்த்தாள்.

போக முடிந்தது.

இருபது வருடம் பூட்டிய அறையின் ஜன்னலில்
எண்ணை நீட்டி விடையை வாங்கியவள்
அடுப்படிவரை நடந்து
உப்பு கூடியது எந்த வரியில் என்று
விரல் வைத்துக் காட்டினாள்.
முகம் தெரியாத ஒருவருக்குக் கடிதம் போட்டாள்
தப்புந்தவறுமான ஆங்கிலத்தில்.
எங்கோ பனி கொட்டும் ஊரிலிருந்து பதில்:
நீங்கள் சொன்னது சரி, திருத்திவிட்டேன், நன்றி.

என் மொழியில் ஆர் என்றால் யார்.
ஆர் எழுதியது?
ஆர் திருத்தியது?
ஆர் கொடுத்தது?
கேள்வியே பதிலாக உட்கார்ந்திருக்கும் வேடிக்கையை
ஸ்பானிஷ் பேசும் அவளுக்கு
எப்படிச் சொல்வேன்.

அப்புறம் நடந்ததற்குத் தேதி கிடையாது.
சுலேமா என்ற மாணவி
மாத்தே குடுவையும் கெட்டிலும் வைத்த பையில்
ஒரு குறுந்தகட்டையும் போட்டுக்கொண்டு
மாந்தேவிதேயோவுக்குக் கப்பல் ஏறினாள்.
அங்கே மாட்டு நோய் எண்ணுகிறவர்கள்.
அவர்களில் ஒருவன் கொச்சபம்பாவுக்கு,
உருளைக்கிழங்கு எண்ணப் போனான்.
போன இடத்திலெல்லாம்
இல்லாத ஒன்றை ஒருவர் எழுதிச் சேர்த்தார்,
அடுத்தவர் அதில் பிழை பிடித்தார்,
சண்டை போட்டார்கள், காற்புள்ளிக்கெல்லாம்.
எந்த அமைச்சகமும் ஆணை போடவில்லை.
ஒருநாள்
தள்ளுபடிப் பட்டியலோடு கோட்டுப் போட்ட விற்பனையாளர் வந்தார்;
நெலிதா காப்பி கொடுத்து அனுப்பினாள்.
இன்னொரு நாள்
காப்பீட்டுக் கம்பெனியின் வேலை விளம்பரத்தில்
கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியவை என்பதன் கீழே
அந்த ஒற்றை எழுத்து.

நான் சொல்ல வந்தது அதுவல்ல.

அந்த முதல் வருடம், மே ஒன்பது.
அறிக்கை போனது: மீன் குறைவு, மிகக் குறைவு.
கடைசி நாலு பக்கத்தில்
கணக்குப் போட்ட வழி வரிவரியாய் இருந்தது.
படகு முதலாளிகள் கொதித்தார்கள்.
அவளைப் பொய்யாக்க
பாஹியா பிளாங்காவிலிருந்து ஒரு ஆளை
கூலி கொடுத்து அமர்த்தினார்கள்.
அவனும் அதே மொழியை இறக்கினான்,
விலையின்றி, இரவு பத்துக்குமேல்.

பதினொரு நாள் கழித்துத் தொலைபேசி ஒலித்தது.
அவன்தான்.
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு ஒரு எண்ணைச் சொன்னான்,
தசமப் புள்ளியோடு.

அவளுடைய எண்.